பழைய மோனோரயில் கேமரா: பெட்டிக்குக் குறைத்து, லென்ஸுக்குக் கூட்டிக் கொடுங்கள்

கேள்வி இதுதான்: "35 மி.மீ. ஃபிலிமில் நாலு வருடம் பழகிவிட்டேன். கோவில் கோபுரம், அக்ரகாரத்துப் பழைய வீடுகள் எடுக்க 4×5 அங்குல மோனோரயில் கேமரா ஒன்று பழையதாக வாங்க ஆசை. லென்ஸும் சேர்த்து 60,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். திருநெல்வேலியில் இருந்துகொண்டு எதை வாங்குவது?"

நான் பாளையங்கோட்டைக்காரன். ஆறு வருடமாக ஒரு பழைய கேம்போ எஸ்சி கேமராவைத் தூக்கிக்கொண்டு தாமிரபரணிக் கரையில் ஏறி இறங்குகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தக் கம்பெனி என்ற கேள்வியில் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள். மோனோரயில் என்பது ஒரு தண்டவாளம், அதன் மேல் இரண்டு சட்டம், நடுவில் வெளிச்சம் புகாத ஒரு துருத்தி, அவ்வளவுதான். படத்தை வரைவது லென்ஸ். 60,000-த்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்டிக்கு, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவுக்கு, போகக் கூடாது என்பது என் கணக்கு.

இதை எனக்கு முதலில் சொன்னது டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. அவர் ஆலப்புழையில் செய்த வாகீசுவரி மரக் கேமராவில் குரூப் போட்டோ எடுத்துத் தொழில் கற்றவர். நான் சினார் பி என்ற உயர்ந்த ரக மோனோரயிலின் படத்தைக் காட்டி, பல் சக்கரம் இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது என்று பரவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, இது ஒடைஞ்சா நம்மூர்ல யாருட்ட கொண்டு போய்க் கொடுப்பே?" என்றார். நீங்களும் அந்தக் கேள்வியில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இங்கே பக்கத்தில் உதிரிபாகக் கடை கிடையாது. கெட்டுப்போனால் லேத் பட்டறைக்காரரும் ரெக்சின் தைப்பவரும் தச்சரும்தான் கைகொடுக்க வேண்டும், அவர்கள் கைக்கு அடங்குகிற கேமராதான் நமக்குச் சரிப்பட்டு வரும்.

கோபுரத்துக்கு ஏன் இந்தக் கேமரா என்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போல வரும். மோனோரயிலில் பின்சட்டத்தைத் தூக்குக்குண்டு பிடித்தது மாதிரி நேராக நிறுத்திவிட்டு, முன்னால் இருக்கும் லென்ஸை மட்டும் மேலே ஏற்றினால் போதும், கோபுரம் நிமிர்ந்து நிற்கும். இதற்கு ரைஸ் என்று பெயர். உங்கள் வேலைக்கு ரைஸும், பக்கவாட்டில் நகர்த்தும் ஷிஃப்ட்டும்தான் தொண்ணூறு சதவீதம் தேவை. வயல்வெளியை முன்னால் வைத்துப் பின்னால் பொதிகை மலைவரை கூர்மையாக வேண்டும் என்றால் லென்ஸைச் சாய்க்கும் டில்ட் தேவைப்படும். இவை எல்லாம் எவ்வளவு மலிவான மோனோரயிலிலும் உண்டு. விலை உயர்ந்த மாடலில் கூடுதலாகக் கிடைப்பது வேகமும் வசதியும். தினம் இருபது பொருள் படம் எடுத்த விளம்பர ஸ்டுடியோக்களுக்கு அது வேண்டியிருந்தது. அந்த ஸ்டுடியோக்கள் டிஜிட்டலுக்குப் போனதால்தான் இந்தக் கேமராக்கள் இன்றைக்கு நம் விலைக்கு இறங்கி வந்திருக்கின்றன. மலையேறி இயற்கைக்காட்சி எடுப்பவர்களும் கனத்துக்குப் பயந்து மடிக்கிற ஃபீல்டு கேமராவைத் தேடுகிறார்கள், அதுவும் நமக்கு லாபம்.

சரி, மாடலுக்கு வருகிறேன். கேம்போ எஸ்சி என் முதல் சிபாரிசு. நெதர்லாந்துக் கேமரா, சதுரக் குழாய் தண்டவாளம், எளிமையான திருகுகள், துருத்தியைக் கழற்றி மாற்றலாம், லென்ஸைப் பொருத்தும் தகடான லென்ஸ் போர்டு 162 மி.மீ. சதுரம். இதையே காலுமெட் 45 என்எக்ஸ் என்ற பெயரிலும் விற்றார்கள், போர்டு அதேதான், அதனால் இரண்டு பெயரிலும் தேடுங்கள். அடுத்தது சினார் எஃப் வரிசை. சினாரின் பெரிய பலம், பல பத்தாண்டுகளாக வந்த உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவது. போர்டு 140 மி.மீ., ஹார்ஸ்மேன் மோனோரயிலுக்கும் அதே அளவு. டோயோ வியூ கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம், அதன் போர்டு 158 மி.மீ. இவற்றை விட மலிவாகப் பழைய காலுமெட் சிசி-400 வரும். ஆனால் அதில் துருத்தி நிலையாகப் பொருத்தியது, அகன்ற காட்சி பிடிக்கும் 90 மி.மீ. லென்ஸ் போட்டால் துருத்தி நசுங்கி நகர இடம் இருக்காது. சுவாமி சன்னதித் தெருவில் பின்னால் நகர இடமில்லாமல் 90-ஐ மாட்டத் துடிக்கும்போது அது தெரியும். ஆகவே உங்களுக்கு வேண்டாம்.

சினாரில் இரண்டு குழிகள் உண்டு, இரண்டிலும் ஆட்கள் விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, தண்டவாளத்தை ட்ரைபாடில் பிடிக்கும் ரயில் கிளாம்ப். ஏலத்தில் கேமராவைத் தனியாகவும் கிளாம்பைத் தனியாகவும் விற்றுவிடுவார்கள். கிளாம்ப் இல்லையென்றால் கேமராவை ட்ரைபாடில் நிறுத்தவே வழியில்லை. விற்பவரிடம் அதன் படத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, டிபி என்று எழுதியிருக்கும் லென்ஸ்கள். சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக இருக்கும். அவற்றுக்குள் ஷட்டர் கிடையாது, சினாரின் தனி ஷட்டர் கேமராவுக்குள் இருந்தால்தான் வேலை செய்யும், அந்த ஷட்டரைத் தனியாக வாங்கப் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

இனி லென்ஸ். 4×5 ஃபிலிமின் மூலைவிட்டம் ஏறக்குறைய 153 மி.மீ. லென்ஸ் வீசும் வெளிச்ச வட்டம் அதற்கு மேல் எவ்வளவு பெரிதோ, அந்த அளவுதான் ரைஸ் செய்ய இடம் கிடைக்கும். ஷ்னைடர் சிம்மார்-எஸ், ரோடன்ஸ்டாக் சிரோனார்-என், நிக்கோர்-டபிள்யூ, ஃபுஜினான்-டபிள்யூ, இந்த நாலில் எந்த 150 மி.மீ. எஃப் 5.6 கிடைத்தாலும் லென்ஸின் துவாரத்தை எஃப் 22-க்குச் சுருக்கினால் வட்டம் 210 மி.மீ. அளவுக்கு வரும். ஃபிலிமை நெட்டுக்குத்தாக வைத்தால் லென்ஸை 30 மி.மீ.க்குச் சற்று மேல் ஏற்றலாம் என்று கணக்கு வருகிறது, தெருவின் எதிர் முனையில் நிற்க இடமிருந்தால் கோபுரத்துக்கு இது போதும். 210 மி.மீ. லென்ஸுக்கு வட்டம் இன்னும் பெரிது, 290-ஐத் தாண்டும், தென்காசிக் கோபுரத்தைத் தள்ளி நின்று எடுக்க எனக்கு அதுதான் பிடிக்கும். பழைய பத்திரிகைக் கேமராக்களில் இருந்து கழற்றிய 127 மி.மீ. எக்டார் மாதிரி லென்ஸ்களை விலையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அவை 4×5-ஐ மூலைவரை நிரப்புவதே பெரும்பாடு, ரைஸ் செய்தால் மூலை இருண்டுவிடும். முதலில் ஒரு 150, ஒரு வருடம் கழித்து 90 எஃப் 8, இந்த வரிசை போதும். 90 வாங்கும்போது தளர்வான பை போன்ற துருத்தியும் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஷட்டர் இல்லாத லென்ஸ் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். சிவகாசிப் பக்கம் அச்சகங்களில் ஒரு காலத்தில் பிளாக் செய்யவும் ஆஃப்செட் நெகட்டிவ் எடுக்கவும் பெரிய ப்ராசஸ் கேமராக்கள் இருந்தன. அவற்றில் அப்போ-ரோனார் மாதிரி அருமையான லென்ஸ்கள் மாட்டியிருக்கும், பழைய இரும்போடு இரும்பாக எடைக்குப் போயிருக்கின்றன. என்னிடம் 240 மி.மீ. ஒன்று அப்படி வந்ததுதான். ஃபிலிம் மெதுவாக இருந்து எக்ஸ்போஷர் இரண்டு மூன்று விநாடி ஆனால் லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டியே எடுத்துவிடலாம். கல்லுக்கும் சுவருக்கும் இது அழகாக வேலை செய்யும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். என் கேமரா வந்த முதல் வாரம் குறுக்குத்துறை முருகன் கோவிலை ஆற்றங்கரையில் இருந்து எடுக்கப் போனேன். விடியற்காலை, ஆற்றில் தண்ணீர் மட்டமாக ஓடிக்கொண்டிருந்தது, எட்டு ஷீட் (இந்தக் கேமராவுக்கு ஃபிலிம் தனித்தனித் தாளாகத்தான் வரும்) எடுத்தேன். எட்டிலும் ஒரே இடத்தில் புகை படிந்தது போல வெளிச்சம் ஏறியிருந்தது. துருத்தியின் மடிப்பு மூலைகளில் ஊசித் துளைகள். விற்றவர் விளம்பரத்தில் "நல்ல நிலை" என்றுதான் எழுதியிருந்தார், நான் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் கட்டாயம் கேளுங்கள்: இருட்டறையில் துருத்திக்குள் டார்ச்சை வைத்து, முழுக்க நீட்டி, ஒவ்வொரு மூலையாக வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே ஷட்டரை 1 விநாடியிலும் அரை விநாடியிலும் ஓடவிட்டுச் சத்தம் கேட்க வையுங்கள். வேகமான எண்கள் சரியாக இருந்தும் மெதுவான எண்களில் திணறுவதுதான் பழைய ஷட்டரின் முதல் நோய். லென்ஸைப் பின்பக்கமிருந்து விளக்கடித்துப் பார்த்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும், அதைத் தொடவே வேண்டாம். பழைய ஷ்னைடரில் உள்விளிம்புக் கறுப்புப் பெயிண்ட் வெள்ளைப் புள்ளிகளாக உரிந்திருப்பது வேறு, அது படத்தைப் பெரும்பாலும் கெடுக்காது, விலையைக் குறைத்துக் கேட்க உதவும்.

என் துருத்தியைச் சரிசெய்தது டவுனில் ஆர்மோனியப் பெட்டி பழுது பார்க்கும் ஒரு பெரியவர். காற்று போகாமல் மடிப்பு ஒட்டுவது அவருக்குக் கைவந்த வேலை, காற்றுக்குப் பதில் வெளிச்சம் என்றதும் புரிந்துகொண்டார். மெல்லிய கறுப்புத் தோலை மூலை மூலையாக ஒட்டிக் கொடுத்தார், அதன் பிறகு ஒரு கசிவு இல்லை. லென்ஸ் போர்டும் அப்படித்தான். விலை கொடுத்து வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வேண்டியதில்லை. 2 மி.மீ. அலுமினியத் தகட்டை லேத் பட்டறையில் கொடுத்து, 150-க்கும் 90-க்கும் வரும் கோப்பல் 0 என்ற அளவு ஷட்டருக்கு 34.6 மி.மீ. துளை, 210-க்கு வரும் கோப்பல் 1-க்கு 41.6 மி.மீ. துளை என்று எழுதிக் கொடுத்தால் போதும். அப்புறம் மங்கல் கறுப்புப் பெயிண்ட். ட்ரைபாடுக்குக் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கைவிட்ட பழைய கனத்த ட்ரைபாடைத் தேடுங்கள், மூன்று நாலு கிலோ கேமராவைக் காற்றில் ஆடாமல் தாங்கும்.

ஃபிலிம் விலைதான் உங்களை நிஜமாகச் சுடப் போகிறது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்திருந்தால் என்று ஒவ்வொரு முறை வெளிநாட்டு இல்ஃபோர்ட் ஃபிலிம் பெட்டியைத் திறக்கும்போதும் நினைத்துக்கொள்வேன். பழகுவதற்கு எக்ஸ்ரே ஃபிலிம் வாங்குங்கள், பச்சை ஒளிக்கான வகை. 8×10 அங்குல ஷீட்டைச் சிவப்பு விளக்கில் நாலாக வெட்டலாம். ஷீட்டைக் கேமராவில் செருக உதவும் ஹோல்டருக்குள் போகிற ஃபிலிம் சரியாக 4×5 இல்லை, நீளத்திலும் அகலத்திலும் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. குறைவு, அதையும் நறுக்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் ஈரத்தில் சட்டென்று கீறும், அதனால் டிரேயின் அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டுக் கழுவுங்கள். சிவப்பு நிறம் இந்த ஃபிலிமில் பதியாது. சிவந்த தேரி மணல் கறுப்பாகவும் வானம் வெள்ளையாகவும் வரும், வண்ணம் தீட்டிய கோபுரத்தில் சிவப்புச் சுதைகள் இருண்டு போகும், கருங்கல் மண்டபம் மட்டும் அப்படியே நெஞ்சை அள்ளும். கழுவும் தண்ணீருக்குச் சித்திரை வைகாசியில் மாடித் தொட்டியை நம்பாதீர்கள். நான் முந்தின இரவே மண்பானையில் பிடித்து வைத்து, ஐஸ்கட்டி போட்டு 20 டிகிரிக்குக் கொண்டுவருகிறேன்.

கோவிலுக்குள் ட்ரைபாட் விரிக்க முன்கூட்டியே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். வெளிநாட்டில் இருந்து வாங்கினால் கஸ்டம்ஸ் வரியையும் கப்பல் செலவையும் 60,000-க்குள்ளேயே கணக்குப் போடுங்கள். பம்பாய், சென்னைப் பக்கம் மூடிய ஸ்டுடியோக்களில் இருந்து கேமரா விலைக்கு வருவதற்காகக் கொஞ்சம் பொறுத்திருப்பது இதனால்தான் நல்லது. கேம்போ போர்டுக்கு அட்டையில் வெட்டிய மாதிரி என்னிடம் இருக்கிறது. கேமரா முடிவானதும் இங்கே எழுதுங்கள், அளவு போட்டுத் தருகிறேன்.