அண்ணி என்று கூப்பிட்டு ஒரு கேலி: வாசகர் கேள்வி பதில்

என் கணவரின் தம்பி 'சவிதா பாபி' (இந்தியில் பாபி என்றால் அண்ணி) என்ற ஆபாசப் படக்கதையின் பக்கங்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணி, இது நீங்கதானே?" என்று கேட்கிறார். மாமியிடம் சொன்னால், "விளையாட்டுப் பிள்ளை, கண்டுக்காதே" என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
— ஒரு மருமகள், ஃபீனிக்ஸ்

இல்லை அம்மா, நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. அந்தக் கதையின் நாயகி ஒரு வீட்டு மருமகள். 2008-இல் அது வெளிவந்தபோது, கல்யாணமான பெண்ணுக்கும் ஆசை உண்டு என்று துணிந்து சொன்னதாகப் பலர் பாராட்டினார்கள். நம் வீடுகளில் யாரும் வாய் திறக்காத விஷயம்தான் அது, பேசப்பட வேண்டியதும்கூட. ஆனால் அதில் வருகிற பெண் வருகிற ஆணுக்கெல்லாம் இணங்குவதாகவே வரையப்பட்டவள். உங்கள் கொழுந்தன் அந்தப் பெயரை உங்கள் மேல் ஒட்டும்போது, நீங்களும் மறுக்க மாட்டீர்கள் என்றுதான் சொல்லாமல் சொல்கிறார். உடம்பு கூசாமல் என்ன செய்யும்?

வெட்கப்பட்டு அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். பலரும் முதலில் செய்வது அதைத்தான். பிறகு முறையிடப் போனால் கையில் எதுவும் இருக்காது. அனுப்பியவரின் எண், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவரே பிறகு எல்லாருக்குமாக அழித்துவிடலாம். தானாக மறையும் செய்தி வசதியை ஏற்றி வைத்திருந்தால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ எல்லாம் போய்விடும். அரட்டை முழுவதையும் 'எக்ஸ்போர்ட்' செய்து, உங்களுக்கு மட்டுமே தெரிந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணை பிளாக் செய்யலாம். பழைய அரட்டை போனிலேயே இருக்கும்.

அடுத்து, தம்பியிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர். "இனிமேல் அண்ணிக்கு இப்படி ஒன்றும் அனுப்பாதே" என்று நேரில் சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. பெண்ணே போய்ச் சொன்னால் "சும்மா விளையாடினேன்" என்று மழுப்பிவிடுவார்கள். அண்ணன் சொன்னால் அது அவ்வளவு சுலபமில்லை. மாமியிடம் அந்தப் பக்கங்களைக் காட்டத் தயங்க வேண்டாம். அவர் பெரும்பாலும் அதைப் பார்க்காமலேதான் விளையாட்டு என்கிறார்.

அப்படியும் நிற்கவில்லையா? தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டின் 116-ஆம் இலக்கக் குடும்ப வன்முறைச் சட்டம் கணவனுக்கு மட்டும் உரியதல்ல. கல்யாண வழி உறவினரும் அதில் வருவார்கள், பாலியல் தொல்லையும் அதில் அடங்கும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. முதலில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கிடைக்கக்கூடும். அதை மீறினால் கைது செய்ய இடமுண்டு. ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்துத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.

அந்தக் கதையை இந்தியாவில் தடை செய்தார்களாமே? இங்கே படித்தாலும் குற்றமா?
— ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஆமாம், 2009 ஜூனில் இந்திய அரசு அந்தக் கதை வந்த இணையதளத்தை முடக்கியது. அதுவரை புனைபெயரில் இருந்த அதன் உரிமையாளர் வெளியே வந்து, தடையை எதிர்ப்பதாக அறிவித்தார். சில வாரங்களில் குடும்பத்தின் நெருக்குதலால் பின்வாங்கினார். ஊருக்கெல்லாம் வெட்கத்தை உடைக்கப் புறப்பட்டவருக்கே தன் வீட்டாரின் முகத்தைப் பார்ப்பது அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. கதை பிறகு சந்தா கட்டிப் படிக்கும் தளமாகத் திரும்பி வந்தது.

தென்னாப்பிரிக்காவில் வயது வந்தவர் தன் வீட்டில் தனியாகப் படிப்பது குற்றமல்ல. 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் காட்டுவது குற்றம். 2007-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கப் பாலியல் குற்றச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. உங்கள் குடும்பக் குழுவில் பதினைந்து வயது மருமகன் இருந்து, நீங்கள் ஒரு பக்கத்தைத் தட்டிவிட்டால் உங்களுக்கும் அது பொருந்தக்கூடும். சிறுவர்களைப் பாலியல் நோக்கில் காட்டும் படங்களோ, கையால் வரைந்தவையாக இருந்தாலும், வைத்திருப்பதே குற்றம்.

13 வயது மகனின் டேப்லெட்டில் இதைப் பார்த்துவிட்டோம். பிடுங்கி வைத்துவிடலாமா?
— பெற்றோர், சாட்ஸ்வொர்த்

பிடுங்கினால் நண்பனின் போனில் பார்ப்பான், உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவான். அன்றைக்கே கோபத்தில் கேட்காதீர்கள். மறுநாள் காரில் போகும்போது அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் பேச்சை எடுங்கள். முகம் பார்க்காமல் பேசுவது பிள்ளைக்குச் சுலபம். "எப்படிக் கிடைத்தது?" என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். பெரியவர் யாராவது அனுப்பியிருந்தால் பிரச்சினை பிள்ளையிடம் இல்லை. இந்தக் கதைகளில் யாரும் "வேண்டாம்" என்று சொல்வதில்லை, நிஜத்தில் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதை அவனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

வீட்டு ரவுட்டரின் டிஎன்எஸ் (தளங்களின் முகவரியைத் தேடித் தரும் சேவை) இடத்தில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3, 1.0.0.3 என்ற எண்களைப் போடுங்கள். ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை அடைபடும், செலவில்லை. மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ விபிஎன் (இணையத் தொடர்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் செயலி) போட்டாலோ இது வேலை செய்யாது. அதனால் டேப்லெட்டிலேயே பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியை (ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபேடில் ஸ்க்ரீன் டைம்) அமைத்து, புதிய செயலிகளுக்கு உங்கள் அனுமதி வேண்டும் என்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வந்து விழும் பக்கங்களை இவை எதுவும் தடுக்காது. வாட்ஸ்அப்பின் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' அமைப்பில் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்துங்கள். 'குரூப்ஸ்' அமைப்பை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றினால் தெரியாதவர்கள் அவனைத் தங்கள் குழுக்களில் நேரடியாகச் சேர்க்க முடியாது.