முன்பின் தெரியாதவருக்குக் கதவு திறப்பது: நாள்வாடகை வீடு பற்றிய கேள்வி பதில்

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் 3 அறைகளை நாள்வாடகைக்கு விட்டு வருகிறேன். 11 வருடம் ஆகிறது. மாநகர் மன்ற லைசென்ஸ் எடுத்துத்தான் நடத்துகிறேன். கீழே என் தம்பியின் பூக்கடை. விருந்தினரை வரவேற்பது, அதற்காக வீட்டை ஆயத்தம் செய்வது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கே வீடு வாங்கினால் லாபம் என்பது என் துறை இல்லை.

கேள்வி (பட்டர்வொர்த்): அக்கா, விருந்தினர் வாசலுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?

பதில்: அவர்கள் எப்படி வந்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்துப் பார்ப்பேன். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறி, உங்கள் ஊரில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்து, கடலைத் தாண்டி வந்திருப்பார்கள். கூடவே கைக்குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நிலையில் யாருக்கும் என் வீட்டின் கதை தேவைப்படாது. குளிர்ந்த தண்ணீர், கழிவறை, வைஃபை கடவுச்சொல். இதுதான் வரிசை.

அப்புறம் மூன்றே மூன்று விஷயம் காட்டுவேன். கதவுப் பூட்டு, குப்பை போடும் இடம், சுடுதண்ணீர் ஹீட்டரின் சுவிட்ச். நம் ஊரில் அந்த சுவிட்ச் பெரும்பாலும் குளியலறைக்கு வெளியே சுவரில் இருக்கும். அதைத் தட்டினால்தான் சுடுதண்ணீர் வரும் என்பது வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே ஊர் திரும்பியவர்கள் என் வீட்டிலேயே உண்டு.

முதல் வருடம் நான் அரைமணி நேரம் நின்று பேசுவேன். அதுதான் அன்பு என்று நினைத்திருந்தேன். ஈப்போவிலிருந்து ஒரு பாட்டி மகளோடு வந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். பேசி முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு பாதிப் படி இறங்கியிருப்பேன். "அப்பாடா, இப்பவாவது புடவைய மாத்தலாம்" என்று மகளிடம் சொன்னது கேட்டது. அன்றிலிருந்து 5 நிமிடத்துக்கு மேல் மாடியில் நிற்பதில்லை. விருந்தாளி எதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டிய நிலை வராதபடி முன்கூட்டியே செய்து வைத்துவிட்டு, நாம் இறங்கிவிட வேண்டும். நான் கற்றுக்கொண்ட வரவேற்பு இதுதான்.

கேள்வி (செந்தூல்): என் கொண்டோவில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. நாள்வாடகைக்கு விடலாமா? என் சொந்த வீடுதானே?

பதில்: சொந்த வீடுதான். ஆனால் லிஃப்ட், வாசல், நீச்சல்குளம் எல்லாம் பொதுச் சொத்து. மோன்கியாராவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு விவகாரம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2020இல் தீர்ப்பு வந்தது. அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ், நாள்வாடகையைத் தடுக்கும் விதியை வீட்டு உரிமையாளர்களின் நிர்வாகக் கழகம் கொண்டுவரலாம் என்பதுதான் தீர்ப்பு. சில நாள் தங்கிப்போகிறவர் குடிக்கூலிக்காரர் ஆகமாட்டார், தங்கிப்போக அனுமதி பெற்றவர் மட்டுமே என்பது அதன் அடிப்படை.

அதனால் கட்டில் வாங்கும் முன் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். பாதுகாவலர் அண்ணன் "பரவாயில்லை" என்றார் என்பது பதிலாகாது. அப்புறம் உங்கள் மாநகராட்சியின் விதியையும் பாருங்கள். இடத்துக்கு இடம் வேறுபடும். அனுமதி இல்லாமல் நடத்தினால் உங்கள் விருந்தாளியைத்தான் வாசல் காவலர் நிறுத்தி வைப்பார். "உறவுக்காரர் என்று சொல்லுங்கள்" என்று முன்பின் தெரியாத ஒருவரைப் பொய் சொல்ல வைத்துவிட்டு, அதை வரவேற்பு என்று எப்படிச் சொல்வது?

கேள்வி (பிறை): அறையில் பரிசுக்கூடை வைப்பீர்களா?

பதில்: ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம், தண்ணீர், காப்பிப் பொட்டலம் நாலு. ரிப்பன் கட்டிய கூடையெல்லாம் வேண்டாம். பிரிக்கவே கூச்சப்படுவார்கள்.

கேள்வி (கிள்ளான்): பாதுகாப்புக்காக ஹாலில் கேமரா வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். நாள்வாடகை முன்பதிவுத் தளமான ஏர்பிஎன்பியே 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவைத் தடை செய்துவிட்டது. தடை இல்லாவிட்டாலும் கூடாது. தெருவாசலைப் பார்த்த கேமரா ஒன்று இருக்கலாம். அதையும் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): வெளிநாட்டவரிடம் சுற்றுலா வரி வாங்க வேண்டுமா?

பதில்: ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்). 2017 செப்டம்பரில் தொடங்கியது. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. 2023 ஜனவரி முதல் இணையத் தளங்கள் வழியாக வரும் முன்பதிவுகளுக்கும் உண்டு. வந்து இறங்கியதும் வாசலில் நின்று காசு கேட்காமல், முன்பதிவின்போதே தெரியப்படுத்திவிடுங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): என்னிடம் அப்பார்ட்மெண்ட் ஒன்று இருக்கிறது. நாள்வாடகைக்கு விடலாமா?

பதில்: மேலே செந்தூல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். எழுத்தில் அனுமதி.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): முஸ்லிம் குடும்பங்கள் வரும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: சமாளிக்க என்ன இருக்கிறது? ஹோட்டல்களில் இருப்பது போலவே மேற்கூரையில் தொழுகைத் திசையைக் காட்டும் கிப்லாத் அம்புக்குறி ஒட்டியிருக்கிறேன். திசையைக் காம்பஸ் வைத்துப் பார்த்தேன். நம் ஊரிலிருந்து மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. தொழுகை விரிப்பு ஒன்று துவைத்து மடித்து அலமாரியில் இருக்கும். சமையலறையில் எங்கள் பாத்திரம் எதற்கெல்லாம் புழங்குகிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். அவர்களுக்கென்று தனிச் சட்டியும் கரண்டியும் வேறு பெட்டியில் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

கேள்வி (சுங்கை பட்டாணி): எந்த நாட்டவர், எந்த இனத்தவர் என்றால் தொல்லை? ஒரு பட்டியல் கொடுத்தால் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடலாம்.

பதில்: அப்படி ஒரு பட்டியலை நான் எழுதமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

படிப்பு முடிந்து கோலாலம்பூரில் வேலை கிடைத்தபோது அறை தேடி அலைந்தேன். தொலைபேசியில் "வாங்க, பாருங்க" என்ற ஓர் அம்மா, நேரில் என் முகத்தைப் பார்த்ததும் "நேற்றே போய்விட்டது" என்றார். மறுவாரமும் அதே வாசலில் அதே அட்டை தொங்கியது. இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை என்ற வரியை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்! அந்த வெயிலில் பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. அதே அட்டையை வேறு ஒருவருக்காக என் வாசலில் நான் மாட்டுவேனா?

விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்று ஒரு பொருள் உண்டு. முன்பின் தெரியாமல் புதிதாக வருகிறவர்தான் பழைய தமிழில் விருந்தினர். மாமன் மச்சான் வந்தால் அது உறவு. ஆள் தெரியாதவருக்குச் செய்வதுதான் விருந்து.

கேள்வி (தைப்பிங்): மன்னிக்கணும் அக்கா, காசு வாங்கிக்கொண்டு அதற்கு விருந்து என்று பெயர் வைக்கலாமா? தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்களே, அது விருந்து. உங்களுடையது வியாபாரம்.

பதில்: நல்ல கேள்வி, தம்பி. வியாபாரம்தான், மறுக்கவில்லை. கட்டிலுக்கும் கரண்டுக்கும் கூரைக்கும் காசு வாங்குகிறேன். ஆனால் காசு எங்கே முடிகிறது என்று பாருங்கள். பினாங்கு வீதியில் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. கடல் தாண்டி வந்தவர் கணக்குப் பார்த்ததும் அங்கேதான், பெட்டியை வைத்துப் படுத்ததும் அங்கேதான். தொழிலும் தங்கலும் ஒரே கூரைக்கு அடியில் இருந்ததால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிட்டதா?

தண்ணீர்ப் பந்தலில் நமக்குப் பிடித்தது இலவசம் மட்டும்தானா? மோர் கொடுக்கிறவர் நீ யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. நீட்டிய கை எல்லாவற்றுக்கும் ஊற்றுகிறார். அந்த ஒன்றைத்தான் நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (சுங்கை பட்டாணி, மறுபடியும்): கேட்க நன்றாக இருக்கிறது. போன மாதம் ஒரு கும்பல் என் மெத்தையில் சிகரெட்டால் ஓட்டை போட்டுவிட்டுப் போனது. என் வீடு, என் விருப்பம்.

பதில்: உங்கள் கோபம் நியாயம். மெத்தை சும்மா வராது. ஆனால் ஓட்டை போட்டது சிகரெட், இனம் இல்லை. நடத்தைக்கு விதி போடுங்கள்: உள்ளே புகை கூடாது, எத்தனை பேர் என்று சொன்னீர்களோ அத்தனை பேர்தான், இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. முன்பணம் வாங்குங்கள். விதியை மீறினால் பிடித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் நானும் செய்கிறேன். என் வீட்டிலும் துண்டு திருடு போயிருக்கிறது, கண்ணாடி உடைந்திருக்கிறது. 11 வருடத்தில் உடைத்தவர்களில் எல்லா இனத்தவரும் உண்டு, நம்மவரும் உண்டு.

கேள்வி (தைப்பிங்): சரி அக்கா, பாதி ஒத்துக்கொள்கிறேன்.

பதில்: பாதி போதும். மீதிக்கு ஒருநாள் நேரில் வாங்க, பேசலாம்.

கேள்வி (பாலிக் புலாவ்): டுரியான் பருவத்தில் என்ன செய்வது? ஹோட்டல்களில் அனுமதிப்பதே இல்லை.

பதில்: உங்கள் ஊர் டுரியானைத் தின்னத்தானே இவ்வளவு தூரம் வருகிறார்கள்! அறைக்குள் கூடாது, உண்மை. ஏர்கானில் வாடை ஏறினால் அடுத்து வருகிறவர்தான் பாவம். கடைவீடு என்பதால் நடுவில் திறந்த முற்றம் இருக்கிறது. அங்கே ஒரு மேசை, வெட்ட ஒரு கத்தி, கை கழுவக் குழாய். ஜூன், ஜூலையில் கூடுதலாக ஒரு மூடி போட்ட குப்பைத்தொட்டி. கூடாது என்று ஒன்றைச் சொன்னால், வேறு எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி (சிரம்பான்): கொண்டோவில் நாள்வாடகை...

பதில்: எழுத்தில் அனுமதி. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி (கூலிம்): தைப்பூச வாரத்தில் விலை எவ்வளவு ஏற்றலாம்?

பதில்: விலை உங்கள் பாடு. வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். ரதம் புறப்படும் நாளில் விடியுமுன்னே எழுவார்கள். திரும்புவது எப்போது என்று சொல்ல முடியாது. தண்ணீர்மலை கோவிலுக்கு 513 படி. வெறுங்காலில் ஏறி இறங்கி, தேங்காய்த் தண்ணீரும் தார்ச்சாலை அழுக்குமான கால்களோடு வருவார்கள். வாசலில் இரண்டு வாளித் தண்ணீர், ஒரு குவளை, பழைய துண்டுகள் வைத்துவிடுவேன். பால்குடம் எடுக்கிறவர் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டைக் காலி செய்து, அந்த வாரம் முழுக்க அதில் அசைவம் வைக்கமாட்டேன். வெளியேறும் நேரத்தையும் மாலை வரை தள்ளிப்போடுவேன். விரதம் இருந்து களைத்தவரை 11 மணிக்குக் கதவு தட்டி எழுப்ப எனக்கு மனம் வராது.

கேள்வி (ஜெலுத்தோங்): கொசுத் தொல்லை என்று விமர்சனம் எழுதிவிட்டார்கள். பதில் எழுதவா?

பதில்: முதலில் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். அப்புறம் நன்றி சொல்லி, சரிசெய்ததை ஒரு வரியில் எழுதுங்கள்.

கேள்வி (பாயா தெருபோங்): தனியாக வரும் பெண்களுக்கென்று ஏதாவது செய்வீர்களா?

பதில்: உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள். என்னிடமுள்ள மாற்றுச்சாவியால்கூடத் திறக்க முடியாதபடி, ஒவ்வொரு அறைக்கும் தச்சரை வைத்துப் பொருத்தினேன். அதை வந்ததும் அவர்கள் கையாலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வேன். இன்னொன்று மாடிப்படி விளக்கு. கடைவீட்டுப் படிக்கட்டு செங்குத்தாக, இருட்டாக இருக்கும். கீழே தெருவிலிருந்து பார்க்கும்போதே மேலே வெளிச்சம் தெரிய வேண்டும். இன்று ஒரு அம்மா தனியாகப் படகில் வருகிறார், எட்டு மணி ஆகும் என்றார். விளக்கைப் போட்டுவிட்டு வருகிறேன்.