ஜெபக்குறிப்பா மாறாம பேச ஒரு இடம்: கிறிஸ்டியன் கவுன்சிலிங் எப்படி ஆரம்பிக்கிறது?

கேள்வி: எனக்கு 42 வயசு, பாளையங்கோட்டை பக்கம். வீட்டுக்காரர் மஸ்கட்ல. பையனுக்கு 17, நீட் ரெண்டாவது தடவை எழுதப்போறான், ஆறு மாசமா ரூமை விட்டு வெளிய வர்றதில்ல, கோயிலுக்கும் வரமாட்டேங்கிறான். எனக்கு ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு தட்டுனா அப்புறம் தூக்கமே இல்ல. காலைல எந்திரிக்காமலே போயிட்டா நிம்மதின்னு சில நாள் தோணுது. மாமியார் உபவாசம் இருந்து ஜெபிக்க சொல்றாங்க. ஒரு கிறிஸ்டியன் கவுன்சிலர் நம்பர் கிடைச்சிருக்கு. போனா விசுவாசம் இல்லாதவன்னு ஆகிடுமா? சபை ஐயருக்கு, அதான் போதகருக்கு, தெரிஞ்சிடுமா? குடும்பத்தோட போகணுமா, நான் மட்டும் போனா போதுமா?

பதில்:

சிஸ்டர், நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் வர்றேன், ஆனா நீங்க கேள்வியா கேக்காம நடுவுல ஒரு வரில சொல்லிட்டு போயிட்டீங்களே, எந்திரிக்காமலே போயிட்டா நிம்மதின்னு, முதல்ல அதப் பத்தி பேசிடுவோம். இந்த நினைப்பு வர்றது பாவமும் இல்ல, பைத்தியமும் இல்ல, தூக்கமில்லாம மாசக்கணக்குல ஓடுற மனுஷங்க நிறைய பேருக்கு வர்றதுதான். ஆனா இதை யார்கிட்ட போனாலும் முதல் நாளே, இதே வார்த்தைல சொல்லிடணும், கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு வச்சிருக்காதீங்க. அது எப்பவாவது "எப்படி செய்யலாம்"ங்கிற யோசனையா மாறுச்சுன்னா அப்பாயின்ட்மென்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே யாரையாவது கூட கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு போயிடணும். நடுராத்திரின்னா 14416, டெலிமானஸ்னு 2022ல மத்திய அரசு ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். போன்ல இப்பவே சேவ் பண்ணி வச்சிடுங்க, வேற பேர்ல வேணும்னாலும் வச்சுக்கோங்க.

மூணு மணிக்கு முழிச்சு அப்புறம் தூக்கம் வராம கிடக்கிறது டிப்ரஷன்ல அடிக்கடி பார்க்கிற ஒரு விஷயம். அதே சமயம் 42 வயசுல தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, மாதவிடாய் நிக்கப்போற காலத்து ஹார்மோன் மாற்றம் இதெல்லாமும் இப்படியே வேஷம் போட்டு வரும். அதனால உங்க வழக்கமான டாக்டர்கிட்ட ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துட்டு, அந்த ரிசல்ட்டோட கவுன்சிலர்கிட்ட போங்க.

விசுவாசம் பத்தி நான் பிரசங்கம் பண்ணப்போறதில்ல. பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ உக்காந்து "போதும், என் உயிரை எடுத்துக்கோங்க"ன்னு கேட்டப்போ தேவதூதன் வந்து உனக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லல, அடை சுட்டு வச்சிருந்தான், தண்ணி வச்சிருந்தான், சாப்பிட்டுட்டு மறுபடியும் தூங்க விட்டான். கடவுள் பேசுனது அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சு, ஓரேப் மலையில. மாமியார்கிட்ட வாதாடாதீங்க, ஜெபமும் நடக்கட்டும் அத்தை, இதுவும் நடக்கட்டும்னு மட்டும் சொல்லுங்க. நம்ம ஐயருமே பிரசங்க மேடைல ஏறினதும் முதல்ல கண்ணாடிய எடுத்துதான் மாட்டுறார், கண்ணுக்காக ஜெபிச்சுட்டு சும்மா நிக்கிறதில்ல.

சரி, "கிறிஸ்டியன் கவுன்சிலர்"னா யாரு? குழப்பமே இங்கதான். நம்ம ஊர்ல இந்த ஒரே பேர்ல வேற வேற ஆளுங்க இருக்காங்க. சபை ஊழியத்துல இருந்துகிட்டு சில மாச சர்டிபிகேட் கோர்ஸ் முடிச்சிட்டு ஆலோசனை சொல்றவங்க ஒரு வகை. சைக்காலஜி முறையா படிச்சு, ட்ரெயினிங் எடுத்து, தனிப்பட்ட முறையில கிறிஸ்தவரா இருக்கிறவங்க இன்னொரு வகை. மூணாவது ஒரு கூட்டம் உண்டு, மனசுக்கு மருந்து எதுக்கு, பைபிள் மட்டும் போதும்னு கொள்கையாவே வச்சிருக்கிறவங்க. 1970ல அமெரிக்கால ஜே ஆடம்ஸ்னு ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகர் இதை ஒரு இயக்கமாவே ஆக்கினார், உடம்புல கோளாறு இல்லைன்னா பெரும்பாலும் பாவமும் தீர்க்காம விட்ட பிரச்சனையும்தான் காரணம்னு. அதுக்கு எதிர்ப்பக்கம் சைக்காலஜியையும் விசுவாசத்தையும் சேர்த்து வேலை செய்றவங்களும் அங்கயே வளர்ந்தாங்க. உங்க நிலைமைக்கு, தூக்கம் போயி சாகுற நினைப்பும் வந்திருக்கிறதுனால, நான் ரெண்டாவது வகையைத்தான் சொல்லுவேன், இதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

எப்படி கண்டுபிடிக்கிறது? இந்தியால "கவுன்சிலர்"னு போர்டு மாட்ட பெருசா ஒரு தடையும் இல்ல, அதான் கஷ்டம். ஆனா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொல்லிக்கணும்னா ரீஹாபிலிட்டேஷன் கவுன்சில்ல, ஆர்சிஐன்னு சுருக்கமா சொல்லுவோம், பதிவு பண்ணி நம்பர் வச்சிருக்கணும். எம்எஸ்சி கவுன்சிலிங் சைக்காலஜி, எம்எஸ்டபிள்யூ சைக்கியாட்ரி முடிச்சவங்கள்லயும் அருமையான ஆளுங்க இருக்காங்க, அவங்ககிட்ட எங்க ட்ரெயினிங் எடுத்தீங்க, எத்தன வருஷமா பாக்கிறீங்கன்னு கேளுங்க. கேக்கிறதுக்கு கூச்சப்படாதீங்க சிஸ்டர், புளி வாங்கும்போதே கொட்டை எடுத்ததா எடுக்காததான்னு கேட்டுத்தானே வாங்குறோம்.

போன்ல கேக்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு: "மாத்திரை தேவைப்பட்டா சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட அனுப்புவீங்களா?" இதுக்கு "அதெல்லாம் தேவைப்படாது, ஆண்டவர் பாத்துப்பார்"னு பதில் வந்தா தேங்க்ஸ் சொல்லி வச்சிடுங்க. பையனுக்கு அசுத்த ஆவி, விடுதலை ஜெபம், இருக்கிற மாத்திரைய நிறுத்துன்னு ஆரம்பிச்சா தேங்க்ஸ் கூட வேண்டாம். இன்னொண்ணு, பேசும்போது அவரு "இப்படித்தான் இன்ன சபைல ஒரு டீச்சரம்மா வந்தாங்க"ன்னு அடுத்தவங்க கதைய சொல்றாரான்னு கவனிங்க. இன்னைக்கு உங்ககிட்ட டீச்சரம்மா கதை, நாளைக்கு டீச்சரம்மாகிட்ட உங்க கதை.

இதை நான் சும்மா சொல்லல. எனக்கு பதினாறு பதினேழு வயசுல எங்க வீட்ல ஒரு பெரிய பிரச்சனை ஓடிச்சு, எங்கம்மா ஒருத்தர்கிட்ட நம்பி அழுதுட்டு வந்தாங்க, பேர் எதுக்கு. அந்த வெள்ளிக்கிழமை உபவாச கூட்டத்துல "சைக்கிள் கடை வச்சிருக்கிற ஒரு சகோதரர் குடும்பத்துல சமாதானம் உண்டாக ஜெபிப்போம்"னாங்க. பேர் சொல்லல பாருங்க, ரொம்ப நாகரிகம்! எங்க ஊர்ல இருந்ததே ஒரு சைக்கிள் கடை. அப்பா அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கோயில் வாசல் மிதிக்கல. ஜெபக்குறிப்புங்கிற பேர்ல நம்ம சபைகள்ல எத்தனை வீட்டு விஷயம் தெருவுக்கு வருதுன்னு உங்களுக்கே தெரியும், அதனாலதான் ஐயருக்கு தெரிஞ்சிடுமான்னு கேக்கிறீங்க, நியாயமான பயம்தான்.

சட்டம் உங்க பக்கம் இருக்கு. 2017 மனநல பராமரிப்புச் சட்டம் சிகிச்சை சம்பந்தப்பட்ட விஷயங்கள ரகசியமா வைக்கிறதை நோயாளியோட உரிமையாவே சொல்லுது. விதிவிலக்கு கொஞ்சம்தான்: உயிருக்கு ஆபத்துன்னா, கோர்ட் கேட்டா, சின்னப் பிள்ளைக்கு பாலியல் கொடுமை நடந்தது தெரிய வந்தா (போக்சோ சட்டத்துல அதை சொல்லியே ஆகணும்). இந்த வரம்பை நல்ல கவுன்சிலர் முதல் நாளே தானா சொல்லுவாங்க, பெரும்பாலும் ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்தும் வாங்குவாங்க. உங்க சபைக்காரரா இருந்தா, எவ்வளவு நல்லவரா இருந்தாலும் வேண்டாம், ஞாயித்துக்கிழமை நற்கருணைக்கு முழங்கால் போடும்போது பக்கத்துல அவர் இருப்பார், உங்களால எதையும் முழுசா பேச முடியாது. நீங்க சிஎஸ்ஐ சபைன்னா ரோமன் கத்தோலிக்க சிஸ்டர்ஸ் நடத்துற இடத்துக்கு போகலாம், இல்ல வேற ஊர் ஆளுகிட்ட வீடியோ கால்ல பேசலாம். கிறிஸ்தவரே இல்லாத நல்ல தெரபிஸ்ட் கிடைச்சாலும் தப்பில்ல, உங்க விசுவாசத்தை கேலி பண்ணாத ஆளா இருந்தா போதும்.

முதல் செஷன் முக்கால் மணி நேரத்துலருந்து ஒரு மணி நேரம் இருக்கும். பேர், வயசு, சாப்பிடுற மாத்திரை, குடும்பத்துல யாருக்காவது முன்னாடி இப்படி இருந்துச்சா, அவசரத்துக்கு யாரை கூப்பிடணும், இதெல்லாம் கேப்பாங்க, மாத்திரை அட்டைய அப்படியே பைல போட்டு எடுத்துட்டு போங்க, பேர் ஞாபகம் வச்சு சொல்ல வேண்டியதில்ல. ஜெபத்தோட ஆரம்பிக்கலாமான்னு சிலர் கேப்பாங்க. கேக்கிறதே நல்ல அறிகுறி, வேணும்னா சரின்னு சொல்லுங்க, இன்னைக்கு வேண்டாம்னும் சொல்லலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. உங்களுக்குள்ள கடவுள் மேலயே ஒரு கோவம் இருந்தா அதையும் அங்க பேசலாம், வேற எங்க போய் பேசுவீங்க? முதல் நாள் பெருசா ஒரு புத்திமதியும் கிடைக்காது, வெளிய வரும்போது இதுக்கா ரூபா குடுத்தோம்னு கூட தோணும். பல பேர் அன்னைக்கு ராத்திரி இன்னும் மோசமா ஃபீல் பண்ணுவாங்க, மூடி வச்ச சட்டிய திறந்தா ஆவி முகத்துல அடிக்கத்தானே செய்யும். நாலஞ்சு தடவை போயும் எதுவும் அசையலன்னா அவர்கிட்டயே நேரா சொல்லுங்க, ஆள மாத்துறதும் தப்பில்ல.

மாத்திரை எழுதுனா பயப்பட வேண்டாம். டிப்ரஷன் மாத்திரை வேலை செய்ய ரெண்டுலருந்து நாலு வாரம் ஆகும், போதை மாதிரி அடிமை ஆகிறது அது இல்ல, பழகிடும்னு எல்லாரும் பயப்படுறது தூக்க மாத்திரை வகைல சிலது, அது வேற. நல்லாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்துறதுதான் நான் அடிக்கடி பாக்கிற தப்பு.

இப்ப குடும்பம். முதல்ல நீங்க மட்டும் போங்க. பையனை ஏமாத்தி, சும்மா ஒரு அங்கிள பாத்துட்டு வருவோம்னு கூட்டிட்டு போயிடாதீங்க, 17 வயசுப் பிள்ளைக்கு அந்த ஒரு நாளோட எல்லா கவுன்சிலர் மேலயும் நம்பிக்கை போயிடும். "நான் எனக்காக போறேன், எனக்கு தூக்கம் வரல, ஒரு நாள் உனக்கும் வரணும்னு தோணுனா சொல்லு"ன்னு கதவுக்கு வெளிய நின்னு சொல்லிட்டு வந்துடுங்க. அவன் வந்தா, முடிஞ்சா அவனுக்கு தனி ஆள். 18 ஆகாததால உங்க சம்மதம் தேவை, ஆனா அவன் பேசுறது எல்லாத்தையும் உங்ககிட்ட ஒப்பிக்க மாட்டாங்க, உயிர் ஆபத்து மாதிரி விஷயம்னாதான் சொல்லுவாங்க, அதுக்கு நீங்க ஒத்துக்கணும். அப்புறம் "அவனை கோயிலுக்கு வர வச்சுடுங்க சார்"னு மட்டும் கேட்டுடாதீங்க. அதை வேலையா எடுத்துக்கிற கவுன்சிலர் அவனுக்கான கவுன்சிலர் இல்ல. ஆறு மாசமா ரூமை விட்டு வராத பிள்ளைய பத்தி முதல்ல கேக்க வேண்டியது சாப்பிடுறானா, தூங்குறானா, அவனுக்கும் உங்கள மாதிரி நினைப்பு வருதாங்கிறதுதான். அதை நீங்களே நேரா கேக்கலாம், கேட்டா அந்த எண்ணம் புதுசா முளைச்சிடாது.

நீங்க மட்டும் போனா என்ன மாறும்னு நினைப்பீங்க. ஒரு உதாரணம் சொல்றேன், வெளிநாட்டுல அப்பா இருக்கிற வீடுகள்ல நான் திரும்பத் திரும்ப பாக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வரும், அவர் கேக்கிற முதல் கேள்வி "அவன் படிக்கிறானா?" நீங்க குரலை தணிச்சு அன்னைக்கு ரிப்போர்ட் வாசிப்பீங்க, கதவுக்கு அந்தப்பக்கம் அவன் கேட்டுட்டே இருப்பான், அவர் அங்க கத்துவார், அதை நீங்க கொஞ்சம் சர்க்கரை தடவி இவன்கிட்ட கொண்டு போவீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு தேய்ஞ்சது நீங்க. ஃபேமிலி தெரபின்னா இதைத்தான் பாக்கிறது, யார் மேல தப்புன்னு தீர்ப்பு சொல்றது அங்க கிடையாது, யாரு யாருக்கு நடுவுல மாட்டிட்டு நிக்கிறாங்கன்னு பாக்கிறது. நீங்க ஒருத்தரே அடுத்த தடவை "அதை அவன்கிட்டயே கேளுங்க, போனை தர்றேன்"னு சொல்லிட்டு நகர்ந்தீங்கன்னா வீட்ல ஒண்ணு அசையும். முதல்ல சண்டையாத்தான் அசையும், அதுக்கு தயாரா இருங்க. அவர் பிறகு வீடியோல சேரலாம், லீவுக்கு வரும்போது நேர்ல வரலாம். அவரை கூப்பிடும்போது "நம்ம குடும்பத்துக்கு கவுன்சிலிங்"னு சொல்லாதீங்க, குத்தம் சொல்ற மாதிரி இருக்கும், எனக்காக ஒரு தடவை வாங்கன்னு சொல்லுங்க. அடி, மிரட்டல்னு ஏதாவது இருந்தா மட்டும் ஜோடியா உக்காரவே வேண்டாம், தனியா பேசுங்க, பெண்களுக்கான உதவி எண் 181ம் இருக்கு. பொறுத்துப் போ, கீழ்ப்படின்னு மட்டும் சொல்றவங்ககிட்ட திரும்பிப் போகாதீங்க.

குடும்பத்தை சேர்த்து வச்சு மனசுக்கு வைத்தியம் பாக்கிறது நமக்கு புதுசு இல்ல, வேலூர் சிஎம்சிக்காரங்க பாகாயம் மனநல மையத்துல 1950கள்லருந்தே குடும்பத்து ஆளு ஒருத்தர் நோயாளி கூடவே தங்குற மாதிரிதான் நடத்துறாங்க. அதுவும் மிஷன் ஆஸ்பத்திரிதான், மாமியார்கிட்ட வேணும்னா இதை சொல்லிப் பாருங்க.

காசு இடத்துக்கு இடம் மாறும், போன்லயே கேளுங்க, நிலைமைய சொன்னா குறைக்கிறவங்க உண்டு. அது முடியலன்னா உங்க பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, கூட்டம் இருக்கும், காலைலயே போயிடணும், ஆனா பாப்பாங்க.

போன் பண்ண தயக்கமா இருந்தா அந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல இப்படி அனுப்புங்க: "வணக்கம், எனக்கு 42 வயசு. தூக்கமும் மனசும் சரியில்ல, சில நாள் வாழ்க்கை வேண்டாம்னு தோணுது. நான் மட்டும் வந்து பேசணும். உங்க படிப்பு, கட்டணம், இந்த வாரம் நேரம் இருக்கான்னு சொல்லுங்க." ஊர் பேரு, சபை பேரு, வீட்டுக்காரர் பேரு எதுவும் போட வேண்டாம். ரெண்டு நாள்ல பதில் வரலைன்னா அடுத்த நம்பர்.