காதுக் கருவியோடு தாதியர் படிப்பு: புலமைப்பரிசிலுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம் எங்களுடையது. அம்மா கொழுந்து எடுக்கிறார். நான் தாதியர் பட்டப்படிப்பில் முதலாம் வருடம், இரண்டு காதிலும் கேட்கும் கருவி போட்டிருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளான தாதிய மாணவர்களுக்கு ஒரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் கொடுக்கிறார்களாம். காது விஷயத்தை எழுதினால் படிப்புக்கே வினையாகிவிடுமோ?

பதில்: தங்கச்சி, கட்டாயம் போடுங்கள். வெளிநாட்டுப் புலமைப்பரிசில் என்றால் எந்த நாட்டில் படிப்பவர்களுக்கு என்பதை மட்டும் முதலில் பாருங்கள். நிறையவற்றுக்கு அந்த நாட்டுக் கல்லூரியில் பதிந்திருக்க வேண்டும்.

பயத்துக்கு வருவோம். அங்கவீனமுற்றவர்களின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம்மிடம் இருக்கிறது, அதன் 23ஆம் பிரிவு கல்வி நிறுவனத்தில் சேர்க்கும்போதும் வேலைக்கு எடுக்கும்போதும் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. 2016இல் அங்கவீனமுற்றவர்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. ஆனால் அரச நியமனத்தின்போது மருத்துவச் சோதனை வரும். அதுவரை ஒளித்துப் படித்தால் அன்றைக்கு உங்கள் பக்கம் பேச ஒரு கடதாசியும் இருக்காது. இப்போதே சொல்லி, கருவியோடு வார்ட்டில் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று விரிவுரையாளரிடம் எழுத்தில் வாங்கி வைத்தால் அதுதான் நாளைக்குக் கைகொடுக்கும்.

அப்புறம் கட்டுரை. லயத்து அறையையும் அப்பாவின் கடனையும் பக்கம் பக்கமாக எழுதி, கடைசி வரியில் ‘தயவுசெய்து உதவுங்கள்’ என்று முடிப்பதுதான் நம் பிள்ளைகளின் வழக்கம். கஷ்டம் உண்மைதான், அதற்கு ஒரு பத்தி போதும். இந்தப் பணம் தருமம் இல்லை. இறந்துபோன ஒருவரின் பேரில், நல்ல தாதி ஒருவர் உருவாகட்டும் என்று அவருடைய ஆட்கள் ஒதுக்கியது, ஆகவே நீங்கள் எப்படிப்பட்ட தாதியாக வருவீர்கள் என்பதைத்தான் அவர்கள் தேடுவார்கள்.

அதைக் காட்டும்படி எழுதுங்கள். ‘எனக்குக் காது கேட்காது, ஆனாலும் முயற்சி செய்வேன்’ என்பதில் ஒன்றும் இல்லை. ‘பிரஷர் பார்க்கும்போது கைப்பட்டியில் காற்றை இறக்க இறக்க வரும் மெல்லிய சத்தம் சாதாரண ஸ்டெதஸ்கோப்பில் எனக்குத் தெளிவில்லை, அதனால் சத்தத்தைக் கூட்டித் தரும் இலத்திரனியல் ஸ்டெதஸ்கோப் வேண்டும். முகக்கவசம் போட்டவர்களின் உதடு தெரியாததால் கடமை மாறும் நேரத்தில் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறேன்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஆளே கண்முன் வந்து நிற்கும். உங்கள் விஷயத்தில் எது உண்மையோ அதை மட்டும் எழுதுங்கள். திருப்பிச் சொல்வது நன்றாகக் கேட்கிற தாதியருக்கும் கற்றுக்கொடுக்கிற பழக்கம்தான், மருந்தில் பிழை வராமல் காக்கிற பழக்கம், அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கேட்கும் தொகைக்குக் கணக்குக் காட்டுங்கள். ஸ்டெதஸ்கோப்புக்குக் கடையில் விலைமனு வாங்குங்கள். உங்கள் கருவியோடு அது ஒத்துப்போகுமா என்று செவிப்புலன் பரிசோதகரிடம் முன்னமே கேளுங்கள், எல்லாம் எல்லாவற்றோடும் சேராது. பற்றரிச் செலவையும், கருவியை இரவில் போட்டுவைக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டியின் விலையையும் சேருங்கள். நம் பக்கத்துப் பனியிலும் மழையிலும் ஈரம் ஏறித்தான் கருவிகள் பழுதாகின்றன, கொழும்பில் இருந்து வாசிப்பவருக்கு இது தெரியாது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

காது மூக்கு தொண்டை வைத்தியரின் அறிக்கையில் எத்தனை டெசிபல் இழப்பு என்பது மட்டும் இருந்தால் போதாது. கருவியோடு எவ்வளவு கேட்கிறது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கிராம சேவகர் சான்றிதழ், அம்மாவின் சம்பளச் சீட்டு வழக்கமானவைதான். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வருவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, அப்பா பெயர் வேறு மாதிரி. எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முடிவுத் திகதிவரை விடாமல் இந்தக் கிழமையே சமாதான நீதவானிடம் போய் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள்.