எல்எஃப்டி நார்மல் என்றால் பயம் விட்டுவிட்டதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. இருபது வருடங்களுக்கு மேல் தினமும் குடித்தவர். இரண்டு வருடமாகத் தொடுவதே இல்லை. எல்எஃப்டி (கல்லீரல் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல் என்கிறார்கள். இனி கல்லீரல் புற்றுநோய் வராது என்று நம்பலாமா?

பதில்: குடியை விட்டதைவிடப் பெரிய மருந்து அவருக்கு வேறில்லை அம்மா. ஆனால் அந்த 'நார்மல்' தாளை மட்டும் நம்பாதீர்கள்.

மதுவை உடைக்கும்போது கல்லீரலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகிறது. அது செல்களின் மரபணுவைக் கெடுக்கும். வருடக்கணக்கில் செல்கள் செத்துச் செத்து, அந்த இடமெல்லாம் தழும்பாகும். கல்லீரல் முழுக்கத் தழும்பேறினால் சிரோசிஸ். மிஞ்சிய செல்கள் இடைவிடாமல் பெருகும். பெரும்பாலும் அங்கேதான் புற்று கிளம்புகிறது. குடியை நிறுத்தினால் ஆபத்து குறையும், ஆனால் மெதுவாகத்தான்.

சிரோசிஸ் இருந்தும் எல்எஃப்டி சரியாக வரலாம். பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்துப் பாருங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை 1,50,000-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது ஒரு தடயம். இதை ஒருவரும் நோயாளியிடம் சொல்வதில்லை. ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கல்லீரலின் இறுக்கத்தை வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துத் தழும்பின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிரோசிஸ் என்றால் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் கட்டாயம். 2 செ.மீ.க்கும் சிறிய கட்டியைப் பெரும்பாலும் ஊசிவழியே பொசுக்கியோ அறுவை செய்தோ அகற்றிவிடலாம். வலியும் காமாலையும் வந்தபின் ஓடிவருபவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

'புற்று மார்க்கர் பேக்கேஜ்' விற்கும் லேப் ஏஜென்டுகளை வாசலோடு அனுப்புங்கள். கல்லீரல் புற்றுக்கு ரத்தத்தில் பார்க்கும் மார்க்கர் ஏஎஃப்பி. புற்று இருந்தும் அது ஏறாமல் இருப்பது சகஜம். ஸ்கேன் இல்லாமல் அது மட்டும் போதாது. 'லிவர் கிளீன்' பொடி, கஷாயம் எதுவும் தழும்பை அழிக்காது. சில மூலிகைக் கலவைகளே கல்லீரலைக் கெடுத்து நான் பார்த்திருக்கிறேன். விற்றவர் அப்போது போனை எடுப்பதில்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஹெபடைடிஸ் பி. இந்த வைரஸ் இருந்தால் சிரோசிஸ் வராமலே புற்று வரலாம். குடியும் அதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். குடிதான் காரணம் என்று முடிவுகட்டி, இந்தச் சோதனையைப் பல இடங்களில் எழுதுவதே இல்லை. 'ஹெச்பிஎஸ்ஏஜி' என்று இந்த வைரஸுக்கான ரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டுச் செய்யுங்கள். இருந்தால் கட்டுப்படுத்த மாத்திரை உண்டு; உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சோதனை செய்து, தேவைப்பட்டால் தடுப்பூசி போட வேண்டும். ஹெபடைடிஸ் சி-யையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

அடுத்த ஸ்கேன் தேதியை மருத்துவமனை நினைவுபடுத்தும் என்று காத்திருக்காமல், நீங்களே காலண்டரில் குறித்துவிடுங்கள்.