தேசிய அணியா, ஜூனியர் லீக்கா: 15 வயதுப் பையனை எங்கே சேர்ப்பது?

கேள்வி: மிச்சிகனில் கேன்டன் நகரில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது, இங்கேயே பிறந்தவன். சிறுவர் ஐஸ் ஹாக்கியின் உயர்ந்த நிலையான ட்ரிபிள் ஏ-யில் டிஃபென்ஸ் ஆடுகிறான். அமெரிக்க தேசிய வளர்ச்சி அணியின் தேர்வு முகாமுக்கு அழைப்பு வந்திருக்கிறது. கனடாவின் ஜூனியர் லீக்குகளில் ஒன்றான ஒன்டாரியோ ஹாக்கி லீக்கின் அணி ஒன்றும், "டிராஃப்டில் (அணிகள் முறை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுத்தால் வருவானா?" என்று கேட்கிறது. எங்களுக்குக் கல்லூரிப் படிப்புதான் முக்கியம். எதற்குச் சரி சொல்வது?

பதில்: 2024 வரை இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம்: படிப்பு முக்கியமென்றால் ஒன்டாரியோ பக்கமே போகாதீர்கள். ஒன்டாரியோ லீக் உட்பட கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளையும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ தொழில்முறை ஆட்டமாகவே கருதியது. அங்கே ஆடிய பையனுக்குக் கல்லூரி அணியில் இடமில்லை. ப்ளைமவுத்தில் இருக்கும் தேசிய அணிக்கு அது பெரிய பாதுகாப்பு. கல்லூரி ஆசை உள்ள நல்ல ஆட்டக்காரர்கள் தானாகவே அங்கே வந்தார்கள்.

2024 நவம்பரில் அந்த விதியை மாற்ற முடிவு செய்தார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் அமல். கனடிய ஜூனியர் அணியான மெடிசின் ஹாட்டில் ஆடிய கேவின் மெக்கென்னா அந்த வருடமே பென் ஸ்டேட் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். இப்போது ஒன்டாரியோ அணிகள், "எங்களிடம் ஆடிவிட்டுக் கல்லூரிக்கும் போகலாமே" என்று தைரியமாகக் கேட்கின்றன. உங்கள் வீட்டுக்கு வந்த கேள்வியும் அந்த வகைதான்.

இந்த இழுபறி புதிதல்ல. உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ப்ளைமவுத் அரங்கம் முன்பு ஒன்டாரியோ லீக்கின் வேலர்ஸ் அணியுடைய வீடு. 2015இல் அது தேசிய அணியின் கைக்கு வந்தது, வேலர்ஸ் ஃபிளின்ட்டுக்குப் போய் ஃபயர்பேர்ட்ஸ் ஆனது.

சண்டையின் வேர் எங்கே என்று பார்க்க வேண்டுமானால் ஏப்ரல் மாதத்தைப் பாருங்கள். 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி அப்போதுதான் நடக்கும். கனடிய லீக்குகளின் பிளேஆஃபும், அதாவது கோப்பைக்கான கடைசிக்கட்ட ஆட்டங்களும், அதே சமயம். டிக்கெட் விற்றுப் பிழைக்கும் கிளப், பிளேஆஃபின் நடுவில் தன் பையனை விடுமா? அதனால் கனடா பெரும்பாலும் பிளேஆஃபில் தோற்றுப்போன அணிகளின் ஆட்களை வைத்துத்தான் போகிறது. அமெரிக்காவோ இரண்டு வருடம் ஒன்றாக ஆடிப் பழகிய அணியைக் கிட்டத்தட்ட அப்படியே இறக்குகிறது. ப்ளைமவுத்தில் நாட்காட்டியே அந்தப் போட்டியை வைத்துத்தான் ஓடும். கிளப்பில் சனிக்கிழமை ஆட்டத்தை வைத்து ஓடும்.

இது உங்கள் பையனை எப்படிப் பாதிக்கும்? கோப்பைக்குக் குறிவைக்கும் ஜூனியர் அணியில் 16 வயது டிஃபென்ஸ்காரன் மிகக் குறைவாக ஆடக் கிடைக்கும் மூன்றாவது ஜோடியில் உட்கார வாய்ப்பு அதிகம். ஆட்டம் இறுகினால் பயிற்சியாளர் 19 வயதுக்காரனைத்தான் அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வேலை ஜெயிப்பது. ப்ளைமவுத்தில் எல்லோரும் ஒரே வயது என்பதால் யாரோ ஒருவன் முக்கியமான நேரத்தில் இறங்கியே ஆக வேண்டும். ஆனால் முதல் வருடம் தன்னைவிட இரண்டு, மூன்று வயது பெரியவர்களோடு யுஎஸ்எச்எல் என்ற அமெரிக்க ஜூனியர் லீக்கில் மோதி அடிக்கடி தோற்பார்கள். தோல்வியில் சுருங்கிப்போகிற பையனா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

என்னைக் கேட்டால், தேசிய அணியில் இடம் கிடைத்தால் அதை எடுங்கள். முதல் காரணம், அவன் உங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே ஆடலாம். டிராஃப்டில் ஊரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது; சாகினாவாகவும் இருக்கலாம், சட்பரியாகவும் இருக்கலாம். அப்புறம் இன்னொரு குடும்பத்தின் வீட்டில் தங்கி ஆடும் பில்லெட் வாழ்க்கைதான். இரண்டாவது, ஒன்டாரியோ வழி பிறகும் திறந்திருக்கும். பிற்காலத்தில் என்எச்எல் நட்சத்திரங்களான பேட்ரிக் கேன், மேத்யூ டகாச்சுக் இருவரும் இரண்டு வருடம் தேசிய அணியில் ஆடிவிட்டுத்தான் ஒன்டாரியோ லீக்கின் லண்டன் நைட்ஸ் அணிக்குப் போனார்கள். டிராஃப்டில் பெயர் வந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. லீக்குக்குள் அவனுடைய உரிமை அந்த அணியிடம் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே அணி கேட்டால் பொய் சொல்லாமல், "முகாம் முடிந்ததும் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள்.

முகாமில் தேர்வாகவில்லை என்றாலும் நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு போய்விடாது. ஆகஸ்டில் நடக்கும் ஹ்லின்கா கிரெட்ஸ்கி கோப்பை என்ற 18 வயதுக்குட்பட்டோர் சர்வதேசப் போட்டிக்கு அமெரிக்கா வழக்கமாக ப்ளைமவுத்துக்கு வெளியே ஆடுபவர்களைத்தான் அனுப்புகிறது. ஆகவே தேர்வாகாவிட்டால் ஒன்டாரியோ நல்ல வழிதான். ஆனால் கையெழுத்துப் போடுமுன் பள்ளிக் கணக்கைப் பாருங்கள். என்சிஏஏ முதல் பிரிவுக்கு 16 முக்கியப் பாடங்கள் வேண்டும், அதில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒன்டாரியோ பள்ளியில் எடுக்கும் பாடங்கள் அந்தக் கணக்கில் சேருமா என்பதைப் பள்ளி ஆலோசகரிடம் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். ஒரு சீசன் ஆடினால் ஒரு வருடக் கல்லூரிச் செலவு என்று லீக் தரும் உதவித்தொகையையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை மாதத்துக்குள் கல்லூரியில் சேர வேண்டும், தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் அந்தப் பணம் என்ன ஆகும் என்ற இரண்டு வரிகளும் அதில் இருக்கட்டும்.