கேனானா, சோனியா, நிக்கானா? காவடிக்கு முன் வந்த கேமரா கேள்விகள்

தைப்பூசம் நெருங்கினால் காவடி கட்டுகிறவர்களைவிடக் கேமரா வாங்குகிறவர்களுக்குத்தான் பரபரப்பு அதிகம். மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் பல வருடமாகக் கல்யாணமும் காவடியும் படம் எடுக்கிறவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. இந்த முறை வந்தவற்றுக்கு மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

போ பாசானிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்கள் நண்பர்களுக்குள் இரண்டு கட்சி. சோனி சென்சாரை அடிக்க ஆளில்லை என்கிறான் ஒருவன். நிக்கான்தான் என்று அடித்துச் சொல்கிறான் இன்னொருவன். யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே ஒரே ஆலைக்காகச் சண்டை போடுகிறார்கள், தம்பி. நிக்கான் கேமராக்களில் பலவற்றின் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, சோனியின் ஆலையில் செய்யப்பட்டதுதான். 2012ல் வந்த டி800, 36 மெகாபிக்சலோடு எல்லோரையும் வாய் பிளக்க வைத்ததே, அதில் இருந்ததும் சோனி செய்த சென்சார். ஃபியூஜிஃபில்ம், பென்டாக்ஸ் கதையும் ஏறக்குறைய இதுதான். ஒரே கடையில் வாங்கிய பருப்பில் இரண்டு வீட்டில் தோல்பூரி சுடுகிற மாதிரி. பருப்பு ஒன்று, கைப்பக்குவம் வேறு. ஃபியூஜி அதன் மேல் தன் சொந்த வண்ண வடிகட்டியைப் போடுகிறது. நிக்கான் தனக்கு வேண்டிய மாற்றங்களைச் சொல்லிச் செய்து வாங்குகிறது.

தனிக்குடித்தனம் நடத்துவது கேனான். பெரும்பாலும் தன் சென்சாரைத் தானே வடிவமைத்துத் தானே செய்துகொள்கிறது. அதில் ஒரு காலத்தில் குறையும் இருந்தது. குறைந்த ஐஎஸ்ஓவில் (வெளிச்ச உணர்திறன் அளவு) எடுத்த படத்தின் நிழல் பகுதியைக் கணினியில் வெளிச்சமாக்கினால் கோடு கோடாகப் புள்ளிகள் கிளம்பும். அதே வேலையை நிக்கான் படத்தில் செய்தால் சுத்தமாக வரும். 2016ல் வந்த 5டி மார்க் 4க்குப் பிறகு இந்த இடைவெளி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. இன்று கடையில் இருக்கும் மூன்றையும் பெயரை மறைத்துவிட்டு எடுத்துக் காட்டினால் எது எதன் படம் என்று என்னாலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவர்களோடு பந்தயம் கட்டத் தயார்.

காத்ர் போர்னிலிருந்து ஒரு சகோதரி: மலைக் கோவில் காவடியை எடுக்க ஃபுல் ஃபிரேம் கட்டாயம் வேண்டுமா? விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

வேண்டாம் அக்கா. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. அதைவிடச் சின்ன வகைதான் ஏபிஎஸ்-சி. சோனி, நிக்கான், ஃபியூஜியில் அது ஏறக்குறைய 23.5க்கு 15.6. கேனானுடையது இன்னும் கொஞ்சம் சின்னது. பரப்பில் ஃபுல் ஃபிரேம் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் கிடைக்கும் லாபம் ஒரு ஸ்டாப்பைவிடச் சற்று அதிகமான வெளிச்சம், அவ்வளவுதான். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இருட்டில் அது பெரிய விஷயம். ஆனால் கோர் த கார்ட் மலை அடிவாரத்தில் தை மாத வெயிலில் படியேறும் காவடிக்கு வெளிச்சப் பஞ்சமா? அங்கே பிரச்சினையே வெளிச்சம் கூடிப்போவதுதான். மிச்சமாகும் பணத்தில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் பெரும்பாலும் எஃப் 5.6. அதோடு ஒப்பிட்டால் மூன்று ஸ்டாப்புக்கு மேல் லாபம். கருவறைப் பக்கம் போகும்போது அதன் அருமை தெரியும்.

மாபூரிலிருந்து ஒருவர்: எனக்குப் பறவைகள்தான். சின்ன சென்சார் என்றால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற இன்னும் சின்ன வகை சென்சார் 17.3க்கு 13 மி.மீ. அதில் 300 மி.மீ. லென்ஸ் போட்டால் ஃபுல் ஃபிரேமில் 600 தருகிற அளவு குறுகிய காட்சி கிடைக்கும். லென்ஸ் எதையும் கூடுதலாகப் பெரிதாக்கவில்லை. ஓரத்தை வெட்டிவிட்டு நடுவை மட்டும் காட்டுகிறது. ஆனால் முதுகுக்கு அது வரம். ஃபுல் ஃபிரேமில் 600 லென்ஸைத் தூக்கிக்கொண்டு பிளாக் ரிவர் காட்டுப் பாதையில் ஒரு நாள் நடந்தவனுக்குத் தெரியும்.

நீங்கள் எடுக்கப்போவது எது என்பதையும் பாருங்கள். இல் ஓ செக்ரெத் தீவில் இளஞ்சிவப்புப் புறா சில சமயம் தலைக்கு மேலேயே வந்து உட்காரும், அதற்கு 600 எதற்கு? காட்டுக்குள் நம் மொரிஷியஸ் வல்லூறைத் தேடினால் மரநிழல் இருட்டு, பறவையோ வேகம். அங்கே சின்ன சென்சாரில் புள்ளி ஏறும். 1974ல் காட்டில் நான்கே நான்கு என்று எண்ணப்பட்ட பறவை அது. கண்ணில் பட்டாலே போதும் என்று நினைப்பவன் நான். புள்ளி இருந்தாலும் அந்தப் படத்தை அழிக்காதீர்கள்.

குரேபிப்பிலிருந்து: 24 மெகாபிக்சலா, 45ஆ?

24. அதுவே 6000க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலும் 20 அங்குல அகலப் படம். வரவேற்பறையில் அதைவிடப் பெரிதாக மாட்ட இடம் இருக்கிறதா?

போர்ட் லூயியிலிருந்து ஒரு அம்மா: கேனானில்தான் தோல் நிறம் நன்றாக வரும் என்கிறார்கள். என் மகன் கேமராவில் நம் ஆட்கள் சாம்பல் பூசியது போல் வருகிறார்கள்.

அம்மா, சென்சாருக்கு நிறமே தெரியாது. அதன் மேல் சிவப்பு, பச்சை, நீலச் சதுரங்கள் போட்ட வடிகட்டி இருக்கும். கோடாக்கில் இருந்த பேயர் கண்டுபிடித்தது, 1976ல் காப்புரிமை பெற்றது. சதுரங்களில் பாதி பச்சை. அதிலிருந்து கேமராவின் மென்பொருள்தான் நிறத்தைச் சமைக்கிறது. கேனான் ஜேபெக்கில் தோல் கொஞ்சம் இதமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ரா கோப்பாக, அதாவது கேமரா சமைக்காத மூலத் தரவாக எடுத்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியை நாமே சரிசெய்துவிடலாம்.

மகன் படத்தில் முகம் சாம்பலாவதற்குக் காரணம் பெரும்பாலும் கேமராவின் வெளிச்ச அளவீடு. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை நின்றால் 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் கரியாகும். முகத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறையில் அளவெடுக்கச் சொல்லுங்கள், அல்லது எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள்.

காவடியில் இதற்கு நேர்மாறான தொல்லை. நம்மவர்கள் உடுத்தும் அந்த அடர் இளஞ்சிவப்பு, வெயில் பட்டால் சிவப்பு சானலை நிரப்பி வழியவிடும். துணியின் மடிப்பே தெரியாமல் ஒரே பூச்சாக வரும். சாதாரண ஹிஸ்டோகிராம், அதாவது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம், இதைக் காட்டாது. மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரிகிறதை வைத்துக்கொண்டு, சிவப்பு வலது சுவரில் முட்டாமல் குறைத்து எடுக்க வேண்டும்.

த்ரியோலேவிலிருந்து: மண்டபத்துக்குள் எடுத்தால் படத்தின் குறுக்கே இருட்டுப் பட்டைகள். சென்சார் போய்விட்டதா?

போகவில்லை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்திருப்பீர்கள். சென்சார் வரிசை வரிசையாகப் படிக்கும்போது விளக்கு சிமிட்டுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை சிமிட்டும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/50 அல்லது 1/100 நொடியில் எடுங்கள். மங்கலாக்கி வைத்த எல்இடி பலகைகள் வேறு வேகத்தில் சிமிட்டும், அங்கே இதுவும் பலிக்காமல் போகலாம். எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் படிக்கும் சென்சாரோடு 2023ல் சோனி ஏ9 மார்க் 3ஐ அறிவித்தது. விலையைப் பார்த்துவிட்டு நான் மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது என்று முடிவு செய்தேன்.

வகுவாவிலிருந்து: மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை வருகிறது. அரிசி மூட்டையில் வைத்தால் போதுமா?

அரிசியைச் சமைத்துச் சாப்பிடுங்கள். அதன் தூசி லென்ஸ் இடுக்கில் போகும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி, இவை போதும். 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். தோல் பையில் மட்டும் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அது மாமியார் வீடு.

ஃப்ளாக்கிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கல்யாண வரவேற்பு எடுத்ததிலிருந்து எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் பச்சைக் கோடு. டிஜே லேசர் போட்டிருந்தார்கள்.

லேசர் நேராக லென்ஸுக்குள் பாய்ந்திருக்கிறது. சென்சாரின் அந்த வரிசை பொசுங்கிவிட்டது, தம்பி. எந்த பிராண்டும் இதற்கு விலக்கில்லை. துடைத்தால் போகாது, சென்சாரையே மாற்ற வேண்டும், உத்தரவாதத்தில் இதைச் சேர்ப்பது அபூர்வம். எனக்கும் ஒரு முறை நடந்தது. அதிலிருந்து மண்டபத்தில் நுழைந்ததும் முதலில் டிஜேயைப் பார்த்து லேசரை எங்கே திருப்பப் போகிறார் என்று கேட்டுவிடுகிறேன். மாப்பிள்ளையைப் பார்ப்பது அப்புறம்தான்.